மனித உரிமைக் கண்காணிப்பு: களப்பணியாளருக்குத் தொலைநிலைக் கல்வி

நமது அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவு உயிருக்கும் தனிமனித சுதந்திரத்திற்கும் காப்பளிக்கிறது. 23-ஆவது பிரிவு கட்டாய உழைப்பைத் தடை செய்கிறது. 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டமும் 1993-ஆம் ஆண்டின் மனித உரிமைகள் பாதுகாப்புச் சட்டமும் இவ்வுரிமைகளுக்குச் செயல்வடிவம் தர இயற்றப்பட்டவையாகும். எனினும் ஓர் உரிமை மீறப்பட்டது என்ற செய்தி, எவரேனும் ஒருவர் அதனை உரிய காலத்தில் உரிய முறையில் அறிந்து எழுதி வைத்தால்தான் சட்டத்தின் பார்வைக்கு வருகிறது. அவ்வாறு எழுதி வைக்க வேண்டியவர் பெரும்பாலும் தலைநகரில் இருப்பவர் அல்லர். கிராம நிர்வாகப் பணியாளர், தொழிலாளர் துறை ஆய்வாளர், சட்ட உதவித் தன்னார்வலர், தொண்டு நிறுவன ஊழியர், கொத்தடிமை ஒழிப்புக்கான கண்காணிப்புக் குழு உறுப்பினர் என்று களத்தில் நிற்கும் பலருள் ஒருவரே அவர்.

அவருக்கு இப்பணியைக் கற்பிப்பது எவ்வாறு? பணியிடத்தை விட்டுப் பல வாரங்கள் விலகியிருக்க இயலாத அவருக்குத் தொலைநிலைக் கல்வி ஏற்ற வழியாகுமா? ஆந்திரப் பிரதேசத்தின் சித்தூர், திருப்பதி மாவட்டங்களின் நிலையைக் கொண்டு இக்கேள்வி இங்கு ஆராயப்படுகிறது.

கண்காணிப்பு என்பதன் பொருள்

ஐக்கிய நாடுகள் மனித உரிமைகள் உயர் ஆணையர் அலுவலகம் 2001-ஆம் ஆண்டில் கண்காணிப்பாளருக்கென ஒரு பயிற்சிக் கையேட்டை வெளியிட்டது. தகவலைத் தேடித் திரட்டுவது, அதன் உண்மையைச் சரிபார்ப்பது, உரிமை மீறலைத் தீர்க்க அதனை உடனுக்குடன் பயன்படுத்துவது ஆகிய மூன்றையும் அது ஒரே பணியின் பகுதிகளாகக் கருதுகிறது. அப்பணிக்குரிய பதினெட்டு அடிப்படை நெறிகளையும் அக்கையேடு வகுத்துரைக்கிறது. அவற்றுள் முதலாவது, எவருக்கும் தீங்கு நேராதபடி பணிபுரிதல் என்பதாகும். துல்லியம், நடுநிலை, இரகசியம் காத்தல், பொறுமை ஆகியவையும் அவற்றுள் அடங்கும்.

இந்நெறிகளை மனப்பாடம் செய்வது எளிது. கடைப்பிடிப்பது அவ்வளவு எளிதன்று. ‘அத்தொழிலாளி கொத்தடிமையாக உள்ளார்’ என்று எழுதுவது ஒரு முடிவுரை. அது சான்று ஆகாது. யாரிடம், எந்த நாளில், எவ்வளவு முன்பணம் பெற்றார், வாரந்தோறும் கையில் கிடைப்பது என்ன, வேறிடத்திற்கு வேலைக்குச் செல்ல முயன்றபோது நேர்ந்தது என்ன, குடும்ப அட்டையும் அடையாள அட்டையும் யாரிடம் உள்ளன என்று எழுதுவதே சான்றுக்கு உதவும். கண்ணால் கண்டதையும், பிறர் சொல்லக் கேட்டதையும், தாமே ஊகித்ததையும் வேறுபடுத்தி எழுதும் பழக்கம் இத்தொழிலின் அடிப்படையாகும்.

இரு மாவட்டங்களின் இயல்பு

சித்தூர் மாவட்டம் 1911-ஆம் ஆண்டில் உருவாக்கப்பட்டது. 2022-ஆம் ஆண்டு ஏப்ரல் 4 அன்று நடைமுறைக்கு வந்த மாவட்டச் சீரமைப்பின்போது அதன் ஒரு பகுதியும் நெல்லூர் மாவட்டத்தின் ஒரு பகுதியும் இணைந்து திருப்பதி மாவட்டம் ஆயின. இப்பகுதி தமிழ்நாட்டை ஒட்டியது; சித்தூரின் மேற்கெல்லை கர்நாடகத்தைத் தொடுகிறது. குப்பம், நகரி, சத்தியவேடு ஆகிய பகுதிகளில் தெலுங்கும் தமிழும் அன்றாடம் கலந்து வழங்குகின்றன. 1960-ஆம் ஆண்டில் எல்லை திருத்தப்பட்டுத் திருத்தணி சென்னை மாநிலத்துடன் சேர்ந்த பின்னரும் இரு பக்கத்து மக்களின் உறவும் தொழிலும் எல்லையைக் கடந்தே நடைபெற்று வருகின்றன.

இவ்வெல்லையைக் கடந்து வருவோருள் செம்மரம் வெட்ட அழைத்து வரப்படும் கூலித் தொழிலாளரும் உண்டு. செம்மரம் சேஷாசலம், பாலகொண்டா, வெலிகொண்டா முதலிய மலைத்தொடர்களில் மட்டுமே பெருமளவில் இயற்கையாக வளர்வது. வெளிநாட்டுச் சந்தையில் அதற்குள்ள விலை கள்ளக் கடத்தலை வளர்த்துள்ளது. ஆனால் மரத்தை வெட்டிச் சுமப்பவர் அந்த விலையில் பங்கு பெறுபவர் அல்லர். திருவண்ணாமலை மாவட்டத்து ஜவ்வாது மலை, தர்மபுரி மாவட்டத்துச் சித்தேரி மலை போன்ற வறண்ட மலைப்பகுதிகளிலிருந்து, உள்ளூரில் கிடைப்பதைவிடக் கூடுதல் கூலி தருவதாகச் சொல்லும் தரகர் வழியே அவர் வருகிறார். சட்டத்தின் பிடியில் முதலில் சிக்குபவரும் அவரே.

2015 ஏப்ரல் நிகழ்ச்சி

கடத்தலைத் தடுக்கும் பணியில் வன அலுவலரும் உயிரிழந்துள்ளனர். 2013-ஆம் ஆண்டு டிசம்பரில் சேஷாசலக் காட்டில் இரு வன அலுவலர்கள் கொல்லப்பட்டனர். அவ்வழக்கில் தமிழ்நாட்டைச் சேர்ந்த தொழிலாளர் இருநூறு பேருக்கும் மேல் குற்றஞ்சாட்டப்பட்டு, நீண்ட காலம் சிறையிலிருந்து, 2016-ஆம் ஆண்டில் திருப்பதி நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டனர். அலுவலர் இருவரின் குடும்பங்களுக்கும் நீதி கிட்டவில்லை; குற்றம் மெய்ப்பிக்கப்படாதவர் கழித்த காலமும் திரும்பவில்லை.

2015-ஆம் ஆண்டு ஏப்ரல் 7 அன்று அதிகாலையில், சந்திரகிரி வட்டத்தைச் சார்ந்த காட்டில் இருவேறு இடங்களில், செம்மரக் கடத்தல் தடுப்புச் சிறப்புப் படையினர் சுட்டதில் 20 தொழிலாளர் இறந்தனர். அவர்கள் அனைவரும் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள். தொழிலாளர் கற்களாலும் கோடரிகளாலும் தாக்கியதால் தற்காப்பிற்காகச் சுட நேர்ந்தது என்று படையினர் கூறினர். இறந்தவருள் சிலர் பேருந்துப் பயணத்தின்போதே பிடித்துச் செல்லப்பட்டதாகச் சாட்சிகள் கூறினர். தேசிய மனித உரிமைகள் ஆணையம் தானே முன்வந்து விசாரணையை மேற்கொண்டது. சாட்சிகளின் கூற்றைப் பதிவு செய்து அவர்களுக்குப் பாதுகாப்பளிக்கவும் பணித்தது. மாநில அரசு சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது. உயர் நீதிமன்றத்திலும் வழக்குகள் தொடரப்பட்டன.

இரு கூற்றுகளில் எது மெய் என்று தீர்ப்பது நீதிமன்றத்தின் பணி. பயிற்சி பெற விரும்புவோர் இதிலிருந்து அறிய வேண்டியது வேறொன்று. இத்தகைய நிகழ்ச்சியில் உண்மையை அடையும் வழி, முதல் சில நாட்களில் யார் எதனை எழுதி வைத்தார் என்பதைப் பொறுத்தே அமைகிறது. ஒருவர் எந்தப் பேருந்தில் எந்த ஊரில் ஏறினார், எந்த நேரத்தில் வீட்டாரிடம் இறுதியாகத் தொலைபேசியில் பேசினார், உடல் எந்த நிலையில் கிடந்தது, அருகில் என்ன இருந்தது ஆகிய விவரங்கள் ஒரு வாரம் கழிந்தபின் மங்கத் தொடங்குகின்றன. மேலும் இறந்தவரின் உறவினர் தமிழ் மட்டுமே அறிந்தவர். நிகழ்ச்சி நடந்த இடத்து அலுவலகங்களின் மொழி தெலுங்கு. இருமொழியும் அறிந்து, கேட்டதைக் கேட்டவாறே எழுதவல்லவர் அந்நாட்களில் எத்துணை இன்றியமையாதவர் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இவ்வகை நிகழ்ச்சிகளுக்கு நெறிமுறைகள் இல்லாமல் இல்லை. காவலில் நேரும் மரணம் பற்றி 24 மணி நேரத்திற்குள் தெரிவிக்க வேண்டும் என்று தேசிய ஆணையம் 1993-ஆம் ஆண்டு டிசம்பரிலேயே பணித்தது. காவல்துறை மோதலில் நேரும் மரணங்கள் குறித்து அவ்வாணையம் 1997-ஆம் ஆண்டில் மாநில முதலமைச்சர்களுக்கு நெறிமுறைகளை அனுப்பியது. உச்ச நீதிமன்றம் 2014-ஆம் ஆண்டு செப்டம்பரில் அளித்த தீர்ப்பில் 16 விதிமுறைகளை வகுத்தது. சுதந்திரமான புலனாய்வு, நடுவர் விசாரணை, இரு மருத்துவர்கள் செய்யும் பிரேதப் பரிசோதனை, அதனைப் படமெடுத்தல் ஆகியவை அவற்றுள் சில. இவை பின்பற்றப்பட்டனவா என்று படிப்படியாகச் சரிபார்ப்பதே கண்காணிப்பாளரின் வேலை. விதிகளை அறியாதவரால் அவற்றின் மீறலைக் காண இயலாது.

விடுதலைக்கு வழி வகுக்கும் பதிவு

கொத்தடிமை ஒழிப்புத் துறையில் பதிவின் மதிப்பு இன்னும் தெளிவாகத் தெரிகிறது. 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13-ஆவது பிரிவு மாவட்டந்தோறும் கோட்டந்தோறும் கண்காணிப்புக் குழுக்களை அமைக்கக் கூறுகிறது. மாவட்டக் குழுவில் ஆட்சியர் தலைவர். ஆதிதிராவிடர் அல்லது பழங்குடியினரைச் சேர்ந்த மூவர், சமூகப் பணியாளர் இருவர், ஊரக வளர்ச்சி அமைப்புகளின் சார்பில் மூவருக்கு மிகாதோர், கடன் வழங்கும் நிறுவனங்களின் சார்பில் ஒருவர் அதன் உறுப்பினர்கள். ஒரே மாவட்டம் இரண்டாகப் பிரிந்தால் இக்குழுக்களும் புதிதாக அமைய வேண்டும். புதிய உறுப்பினர்களுக்குப் பயிற்சியும் வேண்டும்.

சட்டம் தொழிலாளியின் பக்கம் நிற்கிறது. கடன் கொத்தடிமைக் கடன் அன்று என மெய்ப்பிக்கும் பொறுப்பை 15-ஆவது பிரிவு கடன் கொடுத்தவர் மீது சுமத்துகிறது. கட்டாய உழைப்பு நிலவுவதாகத் தெரிந்தால் அதன் பின்னே முன்பணம் இருப்பதாகவே கொள்ள வேண்டும் என்று பந்துவா முக்தி மோர்ச்சா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1983-ஆம் ஆண்டில் கூறியது. குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குவதும் கட்டாய உழைப்பே என்று அதற்கு முந்திய ஆண்டில் ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் அந்நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. இவ்வளவு சாதகமான சட்டமும், முதல் விசாரணைக் குறிப்பு வெறுமையாக இருந்தால் பயன்படாது.

செங்கல் சூளை ஒன்றில் வேலை செய்யும் குடும்பத்தை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். ஆய்வுக்குச் செல்பவர், ‘விருப்பத்துடன் வேலை செய்கிறீர்களா?’ என்று முதலாளியின் முன்னிலையில் கேட்டால் ‘ஆம்’ என்ற விடையே வரும். அத்துடன் கோப்பு முடிந்துவிடும். பயிற்சி பெற்றவர் குடும்பத்தைத் தனியே அழைத்து, அவர்களது மொழியில் பேசி, கணக்கு நோட்டைப் பார்வையிட்டு, ஆயிரம் கல்லுக்கு எவ்வளவு, வாரத்தில் எத்தனை ஆயிரம் கல், உணவுச் செலவுக்குத் தருவது எவ்வளவு, முன்பணத்தில் கழிந்தது எவ்வளவு என்று கேட்பார். பிள்ளைகள் கல் அறுக்கிறார்களா, சொந்த ஊரில் சாவு நேர்ந்தபோது முழுக் குடும்பமும் செல்ல விடப்பட்டதா என்றும் கேட்பார். இவ்விடைகளே விடுதலைச் சான்றிதழுக்கு அடித்தளம். மத்திய அரசு 2016-ஆம் ஆண்டில் திருத்தியமைத்த மறுவாழ்வுத் திட்டத்தின்படி வயது வந்த ஆண் தொழிலாளிக்கு ரூ.1 இலட்சமும், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் ரூ.2 இலட்சமும், மிகக் கொடிய நிலையிலிருந்து மீட்கப்பட்டோருக்கு ரூ.3 இலட்சமும் உதவித் தொகையாகும். உடனடி உதவி 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் ரூ.30,000 வரை உயர்த்தப்பட்டது. முழுத்தொகை கிடைப்பது கொத்தடிமை நிலை மெய்ப்பிக்கப்படுவதையும் வழக்கின் போக்கையும் பொறுத்தது. எனவே ஓர் அலுவலர் எழுதும் அரைப் பக்கக் குறிப்பின் தரம் ஒரு குடும்பத்தின் எதிர்காலத்தையே நிர்ணயிக்கக்கூடும்.

ஏன் தொலைநிலைக் கல்வி?

மனித உரிமை எழுத்தறிவைப் பரப்புவது தேசிய ஆணையத்தின் கடமைகளுள் ஒன்று என 1993-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12-ஆவது பிரிவு கூறுகிறது. கருத்தரங்குகளும் குறுகிய காலப் பயிற்சி முகாம்களும் இதற்காக நடத்தப்படுகின்றன. ஆனால் ஒரு நாள் முகாமில் சட்டத்தின் பெயர்களைக் கேட்கலாம். சாட்சியிடம் பேசும் முறையைக் கற்க இயலாது. நீண்ட காலப் பயிற்சிக்கு அனுப்பினால் அவரது வட்டாரம் அதுவரை கவனிப்பாரற்று நிற்கும்.

வேலையை விடாமல் கற்கும் வாய்ப்பு நம் நாட்டிற்குப் புதியதன்று. தில்லிப் பல்கலைக்கழகம் 1962-ஆம் ஆண்டிலேயே அஞ்சல்வழிப் படிப்பைத் தொடங்கியது. ஆந்திரப் பிரதேசத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1982-ஆம் ஆண்டிலும், இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1985-ஆம் ஆண்டிலும், தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002-ஆம் ஆண்டிலும் நிறுவப்பட்டன. திருப்பதியில் 1954-ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற ஸ்ரீ வேங்கடேசுவரா பல்கலைக்கழகத்தின் தொலைநிலைக் கல்விப் பிரிவில் தமிழ்நாட்டு மாணவரும் பயின்றுள்ளனர். அங்கு மகளிருக்கென 1983-ஆம் ஆண்டு முதல் ஸ்ரீ பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகமும், குப்பத்தில் 1997-ஆம் ஆண்டு முதல் திராவிடப் பல்கலைக்கழகமும் இயங்கி வருகின்றன. இருமொழிப் பாடம் தயாரிப்பதற்கு வேண்டிய அறிவுவளம் இவ்வட்டாரத்திலேயே உள்ளது.

இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் மனித உரிமையில் ஆறு மாதச் சான்றிதழ்ப் படிப்பை வகுத்தது. உலக அளவில், ஐக்கிய நாடுகள் சபை 1995 முதல் 2004 வரையிலான பத்தாண்டுகளை மனித உரிமைக் கல்விக்கென அறிவித்தபின், களப்பணியாளருக்கான இணையவழிப் பாடங்கள் பல தோன்றின. ஆயினும் அவற்றுள் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் அமைந்தவை. சத்தியவேட்டிலோ ஜவ்வாது மலையிலோ பணிபுரிபவருக்கு அவை எட்டுவது அரிது.

பாடம் அமைய வேண்டிய முறை

பொது அறிவுக்கான படிப்பிற்கும் பணித்திறனுக்கான படிப்பிற்கும் வேறுபாடு உண்டு. கண்காணிப்பு ஒரு பணித்திறன் ஆதலால் அதற்கான தொலைநிலைப் பாடம் நான்கு கூறுகளைக் கொண்டிருத்தல் நலம்.

முதலாவது, சட்டமும் நெறிமுறையும் பற்றிய சுருக்கமான அச்சுப் பாடம். அதில் காலவரையறைகளுக்குத் தனியிடம் வேண்டும். நிகழ்ச்சி நடந்து ஓராண்டு கடந்தபின் ஆணையம் அதனை விசாரிக்க இயலாது என்று 1993-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 36-ஆவது பிரிவு கூறுகிறது. இதனை அறியாமல் காலம் கடத்திய மனுக்கள் பயனற்றுப் போகும். முறையீட்டிற்குக் கட்டணம் இல்லை என்பதும், அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையிலுள்ள எம்மொழியிலும் அதனை அனுப்பலாம் என்பதும் பாடத்தின் முதற்பக்கத்திலேயே இடம்பெறத் தக்கவை. ஜவ்வாது மலையைச் சேர்ந்தவர் தமிழிலேயே எழுதலாம்.

இரண்டாவது, எழுத்துப் பயிற்சி. ஒரு கற்பனை நிகழ்ச்சியின் விவரங்களைக் கொடுத்து, அதனை நேர்காணல் குறிப்பாகவும், முறையீடாகவும், ஆட்சியருக்கு அனுப்பும் அறிக்கையாகவும் எழுதச் செய்தல் வேண்டும். ஒருவர் தமிழில் கூறியதைத் தெலுங்கில் அறிக்கையாக்கும்போது மூலக் கூற்றையும் உடன் வைத்து, மொழிபெயர்த்தவர் யார் என்று குறிக்கும் பழக்கம் இப்பயிற்சியில் வர வேண்டும்.

மூன்றாவது, திருத்துநரின் கவனம். தொலைநிலைக் கல்வியில் மாணவரின் தவற்றை அருகிலிருந்து சுட்டிக்காட்ட எவரும் இல்லை. விடைத்தாளின் ஓரத்தில் திருத்துநர் எழுதும் குறிப்பே ஆசிரியரின் இடத்தை வகிக்கிறது. மதிப்பெண் மட்டும் இட்டுத் திருப்பி அனுப்பினால் பயிற்சியின் உயிர் போய்விடும்.

நான்காவது, நேரடி வகுப்பு. பாட இறுதியில் மூன்று அல்லது நான்கு நாட்கள் சித்தூரிலோ திருப்பதியிலோ கூடி, சாட்சியைப் பேட்டி காண்பதைப் பயிற்சியாளர் முன்னிலையில் செய்து பார்க்க வேண்டும். அஞ்சுபவரிடம் பேசும் பக்குவத்தை அச்சுப் பாடத்தால் மட்டும் அளிக்க இயலாது.

செலவும் சிக்கனமும்

தொலைநிலைக் கல்வியின் பொருளாதார அனுகூலம் யாவரும் அறிந்ததே. பாடம் தயாரிக்கும் செலவு பெரும்பாலும் ஒருமுறைச் செலவு. கற்போர் தொகை பெருகப் பெருகத் தலைக்கு ஆகும் செலவு குறைகிறது. ஆனால் இக்கணக்கு பாடநூலுக்கும் ஒளிப்படத்திற்கும் பொருந்துமேயன்றி விடைத்தாள் திருத்தத்திற்குப் பொருந்தாது. இருபது பேரின் அறிக்கைகளைக் கவனமாகத் திருத்த ஒருவருக்கு வேண்டிய உழைப்பு, இருநூறு பேருக்குப் பத்து மடங்காகும். இங்கு சிக்கனம் காட்டினால் சான்றிதழ் பெற்றோரின் எண்ணிக்கை உயரும். அறிக்கை எழுதத் தெரிந்தோரின் எண்ணிக்கை உயராது. எனவே அச்சிலும் பயணத்திலும் மிச்சமாகும் தொகையைத் திருத்துநரின் ஊதியத்திற்கும் நேரடி வகுப்பிற்கும் ஒதுக்குவதே முறையாகும்.

கருத்தில் கொள்ள வேண்டிய எச்சரிக்கைகள்

கண்காணிப்பைக் கற்பிக்கும் பாடமே தீங்குக்குக் காரணமாகிவிடக் கூடாது. பயிற்சி பெறுவோர் தம் வட்டாரத்து உண்மை நிகழ்ச்சியைப் பயிற்சித் தாளில் எழுதி அனுப்பினால், சாட்சியின் பெயர் பல கைகளைக் கடந்து செல்லும். கைப்பேசிக் குழுவில் பகிரப்படும் ஒரு படம் ஒரு மணி நேரத்தில் முதலாளியையோ தரகரையோ எட்டிவிடலாம். ஆகவே பயிற்சித் தாள்களில் பெயரும் ஊரும் மாற்றப்பட வேண்டும் என்பது முதல் விதியாக இருத்தல் வேண்டும். கைப்பேசியில் எடுத்த படம் நீதிமன்றத்தில் ஏற்கப்பட, 2024-ஆம் ஆண்டு ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆவது பிரிவின்படி சான்றிதழ் தேவைப்படுகிறது. ஆதலால் படத்தை மாற்றாமல் பாதுகாக்கும் முறையும் கற்பிக்கப்பட வேண்டும்.

கற்போர் இடையில் நின்றுவிடுவது தொலைநிலைக் கல்வி எங்கும் காணப்படும் குறை. பணிச்சுமை மிக்க களப்பணியாளரிடம் இது அதிகமாக இருக்கும். அலுவலகத் தலைவர் வாரத்தில் சில மணி நேரத்தைப் படிப்பிற்கென ஒதுக்கித் தந்தால் இக்குறை ஓரளவு நீங்கும். பயிற்சி பெற்ற அரசு அலுவலரும் தொண்டு நிறுவன ஊழியரும் ஒரே வகுப்பில் அமர்ந்தால், ஒருவரையொருவர் ஐயத்துடன் நோக்கும் பழக்கமும் குறையக்கூடும்.

செய்யத்தக்கவை

எல்லையின் இருபுறத்தாருக்கும் பொதுவான ஒரு பாடத்திட்டத்தை இவ்வட்டாரப் பல்கலைக்கழகங்களும் திறந்தநிலைப் பல்கலைக்கழகங்களும் கூடி உருவாக்கலாம். சித்தூர், திருப்பதி மாவட்டங்களின் கண்காணிப்புக் குழு உறுப்பினர், தொழிலாளர் துறையினர், வனத்துறையின் களப்பணியாளர், காவல் நிலைய எழுத்தர் ஆகியோருடன் திருவண்ணாமலை, தர்மபுரி மாவட்டங்களின் சட்ட உதவித் தன்னார்வலரையும் முதல் அணியில் சேர்க்கலாம். வனத்துறையினரும் காவல்துறையினரும் இதில் இடம்பெறுவது இன்றியமையாதது. நேர்மையாகக் கடமையாற்றிய அலுவலருக்கும் நன்கு எழுதப்பட்ட பதிவே பாதுகாப்பு.

பயிற்சியின் வெற்றியை வழங்கப்பட்ட சான்றிதழ்களைக் கொண்டு அளவிடுதல் பொருந்தாது. பயிற்சி பெற்றவர் எழுதிய அறிக்கைகளின் பேரில் எத்தனை விடுதலைச் சான்றிதழ்கள் வழங்கப்பட்டன, எத்தனை முறையீடுகள் ஓராண்டிற்குள் ஆணையத்தை அடைந்தன என்று கணக்கிடுவதே சரியான அளவுகோலாகும். சூளையில் முன்பணத்திற்குக் கட்டுண்ட குடும்பமும், தரகரை நம்பி மலையேறும் தொழிலாளியும் சட்டத்தின் காப்பைப் பெறுவதற்கு, அவர்கள் சொல்வதைக் கேட்டு அதனை உரிய முறையில் எழுதவல்ல ஒருவர் அருகில் இருத்தல் வேண்டும். அத்தகையோரை ஒவ்வொரு வட்டத்திலும் உருவாக்கும் பணியில் தொலைநிலைக் கல்வி பெரும் துணையாக நிற்க இயலும்.